பிட்கொயின் அகழ்வு இயந்திரம் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா?

கிளிநொச்சி வாசகர்:
பிட்கொயின் பரிவர்த்தனைகளைக் கணினியால் சரிபார்த்துப் பதிந்து புதிய நாணயம் ஈட்டுவதே அகழ்வு. கனடாவிலுள்ள அண்ணர் மூலம், அதற்கான இயந்திரங்களைச் செய்யும் நிறுவனமொன்றின் பங்குகளை வாங்க எண்ணுகிறேன். நாணயத்தை நேரடியாக வாங்குவதைவிட இது பாதுகாப்பானது என்கிறார்கள். உண்மையா?

வவுனியா கணக்காளர்:
அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. இயந்திரங்களுக்கான கணினிச் சில்லுகளை (chips) தாய்வானின் டிஎஸ்எம்சி போன்ற சில்லு ஆலைகளிடம் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், இடையில் பிட்கொயின் விலை சரிந்தால் இயந்திரங்கள் களஞ்சியத்தில் தேங்கி மதிப்பிழக்கும். 2024 ஏப்ரலில் ஒரு தொகுதிப் பரிவர்த்தனைகளைப் பதிவதற்கு அகழ்வோருக்குக் கிடைக்கும் வெகுமதி 6.25 பிட்கொயினிலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. மின்சாரத்தை அதிகம் உறிஞ்சும் பழைய இயந்திரங்களை அதன்பின் யார் வாங்குவார்?

முல்லைத்தீவு வாசகர்:
இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் பிட்மெயின் நிறுவனம் பங்குகளைப் பட்டியலிட 2018இல் ஹொங்கொங் பங்குச்சந்தைக்கு அளித்த விண்ணப்பம் மறு ஆண்டில் காலாவதியானது. அதன் போட்டி நிறுவனமான கனான் 2019 நவம்பரில், பங்கொன்று 9 டொலர் வீதம், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் நுழைந்தது. இன்று அது தானும் அகழ்வில் ஈடுபடுகிறது. விற்பனை மந்தமான காலத்தில் இயந்திரங்கள் சும்மா கிடக்காது என்பது மெய்தான். ஆனால் விற்பனை, அகழ்வு இரண்டுமே ஒரே விலையை நம்பியிருப்பதால் இதனை இடர்ப்பரவலாக்கம் என்று நான் ஏற்கமாட்டேன்.

கிளிநொச்சி வாசகர்:
அப்படியாயின் எதைக் கவனிப்பது?

வவுனியா கணக்காளர்:
காலாண்டு அறிக்கையில் விற்காத இயந்திரக் கையிருப்பின் மதிப்புக் குறைப்பையும், வாடிக்கையாளர் முற்பணத்தையும் முதலில் பாருங்கள். முற்பணம் வற்றும்போது கையிருப்பு பெருகினால், அண்ணரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.