அப்பா சொல்றதா, ஃப்ரெண்டு சொல்றதா?

அமெரிக்கால இருக்கோம். என் கறுப்பின ஃப்ரெண்டு இங்க எல்லாமே நிறம் பாத்துதான் நடக்குதுங்கறான், அப்பாவோ "நானும் கறுப்புதான், 1988ல ரெண்டு பெட்டியோட வந்து வீடு வாங்கலையா"ங்கறார். ரெண்டு மாசமா இதே சண்டை. ஒரே டேபிள்ல உக்கார வச்சுப் பாத்தேன், சாப்பாடு ஆறினதுதான் மிச்சம். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம்தான் நம்மாளுங்க படிப்பக் காட்டி நிறைய பேர் வந்தாங்க, அவன் தாத்தா காலத்துல, வீடு விஷயத்துல நிறம் பாக்கக் கூடாதுன்னு 1968ல சட்டம் வர்ற வரைக்கும், கறுப்பின ஏரியான்னாலே வீட்டுக் கடன மறுப்பாங்கன்னு எடுத்துச் சொன்னேன், "அப்போ என் உழைப்பு பொய்யா"ன்னு டிவி சவுண்ட ஏத்திட்டார். இத்தனைக்கும் ஒருதடவை கடைல திருடுவாரோன்னு சந்தேகப்பட்டு அவர் பின்னாடியே ஆள் சுத்துனாங்க, அத மட்டும் பேசவே மாட்டார். அவர் உழைப்பக் குறைக்காம இந்தப் பேச்ச எங்கேந்து ஆரம்பிக்கறது?