தடுப்பூசி வேண்டாம் என்றவர்களிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மாமனார் காலத்துக் கடை. சுற்றியுள்ள லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களும் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இருப்பவர்களும்தான் வாடிக்கை. கொரோனா ஊசி போட மாட்டேன் என்றவர்களைப் பற்றி அப்போது ஆளாளுக்குப் பேசினோம், ஆனால் அவர்களிடம் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 ஏப்ரல் 1 முதல் 45 வயது தாண்டியவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் தெருவில் ஆட்கள் மெல்லப் போக ஆரம்பித்திருந்தார்கள். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போடுங்கள் என்று டிவியில் பேசினார். 17ஆம் தேதி விடிகாலையில் இறந்துவிட்டார். மாரடைப்பு, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள், பிறகு மத்திய அரசின் குழு ஒன்றும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. இந்த விளக்கம் எதுவும் லயத்துக்கு வந்து சேரவில்லை. "ஊசி போட்டாரு, மூணாம் நாள் போயிட்டாரு", இது மட்டும் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே வாட்ஸ்அப்பில் இன்னொன்று: போட்டவர்கள் எல்லோரும் இரண்டு வருஷத்தில் செத்துப்போவார்கள், நோபல் பரிசு வாங்கிய பிரான்ஸ் விஞ்ஞானியே சொல்லிவிட்டார் என்று. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அந்தச் செய்தியை என் கடை வாசலில் நின்று சத்தமாக வாசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே மே மாதத்தில் என் கொழுந்தனார் கொரோனாவில் போய்விட்டார். வயது 47. மூச்சு வாங்குகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக கீழே கோவைக்குக் கொண்டுபோனோம், ஒன்பதாம் நாள் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யாராவது "ஊசியெல்லாம் வேணாம்" என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

செப்டம்பரில் நம் மாவட்டத்தில் டாஸ்மாக் கடையில் சரக்கு வாங்கவே தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது ஞாபகம் இருக்கும். நானும் அன்றைக்கே ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன்: "தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டுமே பொருள்." யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்ததுதான்.

அந்த வாரம் சனிக்கிழமை தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு ஒரு பெரியம்மா வந்தார். சிலோனிலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்த குடும்பம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இங்கே நிறைய பேர் உண்டு. சர்க்கரை என்று சொல்ல மாட்டார், சீனி என்றுதான் கேட்பார். பதினோரு வருஷமாக எங்களிடம்தான் பற்று. "மாவு ஒரு கிலோ, சீனி அரைக் கிலோ" என்று பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எடுத்துப் போடவில்லை. "போர்டைப் பாருங்க பெரியம்மா, ஊசி போட்டுட்டு வாங்க" என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர், "இவங்களாலதான் இந்தச் சனியன் ஊரை விட்டுப் போக மாட்டேங்குது" என்றார். நான் அவரை அதட்டவில்லை. பெரியம்மா ஒன்றும் பேசாமல் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் பேரன் வந்தான். பற்றில் இருந்த 640 ரூபாயைக் கொடுத்து, "நோட்டுல அடிச்சிடச் சொன்னாங்க" என்றான். அவன் முன்னாலேயே அடித்தேன். அப்புறம் அவர்கள் மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அவர் ஏன் போடவில்லை என்பது எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது, அதுவும் எங்கள் கிராம சுகாதார செவிலியர் சொல்லி. விவேக்கும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு 'பேர்', அதாவது இரண்டு நாள் கூலிக் கணக்கு, விழாது, பேர் விழாவிட்டால் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம். மெகா தடுப்பூசி முகாம் செப்டம்பர் 12இல் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைகளில்தானே நடந்தது? ஞாயிறு போட்டால் திங்கள், செவ்வாய் படுக்கை. அக்டோபர் கடைசி வாக்கில் முகாமை சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் வரத் தயங்குகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் இந்தப் பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு அது வேறு விதமாக உதவியது. சனிக்கிழமை கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து ஊசி, ஞாயிறு படுத்துக்கொள்ளலாம், போனால் திங்கள் ஒரு பேர்தான் போகும். அந்த லயத்தில் மட்டும் ஒரே சனிக்கிழமையில் பதினான்கு பேர் போட்டார்கள், அவரும் போட்டார். அந்தச் செவிலியர் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: "எந்தக் கிழமை போட்டா உங்களுக்குத் தோது?" அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கலாம். பதினோரு வருஷப் பழக்கம் எனக்குத்தான் இருந்தது.

செவிலியர் சொன்ன அன்றைக்கே அட்டையைக் கழற்றினேன். நீங்கள் பார்த்ததை, செய்ததை, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

கூடலூரிலிருந்து, ஜீப் ஓட்டுகிறவன்

அக்கா, 2021 ஜூன்ல சுகாதாரத் துறை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆதிவாசி ஊர்களுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். முதல் தடவை ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்புக்குப் போனபோது ஜீப் சத்தம் கேட்டதுமே மொத்த ஊரும் காட்டுக்குள் போய்விட்டது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கிறது, திண்ணையில் வெட்டிய வெற்றிலை இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. எங்களோடு வந்த ஒருவர் மைக்கில் "ஊசி போடாட்டி ரேஷன் கிடையாது" என்று கத்தினார். அப்படி உத்தரவு எதுவும் இல்லை, அவராகச் சொன்னது. சாயங்காலம் வரை காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை.

திரும்பி வந்தால் டவுனில் வேறு பேச்சு. அப்போது ஊசிக்குத் தட்டுப்பாடு, விடிகாலை நாலு மணிக்கே டோக்கன் வாங்க வரிசை. டீக்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார்: "நாங்க கிடைக்காம நிக்கிறோம், ஓடுறவனைத் துரத்தித் துரத்திப் போடுறீங்களா? காட்டு ஜனம், விட்டுத் தள்ளுங்க." எனக்கு அது பொறுக்கவில்லை. நான் அந்த ஊர்களுக்கு இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், பிரசவத்துக்கு ராத்திரி ஆள் ஏற்றியிருக்கிறேன். வண்டி ஏறும்போதே "ஆஸ்பத்திரிக்கு வேணாம்" என்று அழுதவர்கள் உண்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது தடவை அந்த மக்களிலேயே படித்த ஒரு பெண் எங்களோடு வந்தார். ஜீப்பை அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்தச் சொன்னார். நடந்து போய் அவர்கள் பாஷையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒரு பெரியவர் கேட்ட கேள்வியை அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இதைப் போட்டா எங்க பெண்களுக்குக் குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே, நாங்க இருக்கிறதே இத்தனை பேர்தானே?" அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மொத்தமே கொஞ்சம் பேர் உள்ள இனத்துக்கு அந்த வதந்தி எவ்வளவு பெரிய பயம்! அப்படி ஒரு பாதிப்பும் கிடையாது என்று அந்தப் பெண் தன் கையைக் காட்டினார், தான் போட்டுக்கொண்டதையும் தனக்கு இனிமேல்தான் கல்யாணம் ஆக வேண்டியிருப்பதையும் சொன்னார். அன்று முப்பது பேருக்கு மேல் போட்டார்கள். 18 வயது தாண்டிய பழங்குடி மக்களுக்கெல்லாம் முதல் டோஸ் போட்டு முடித்த மாவட்டம் என்று நீலகிரிக்குப் பெயர் வந்தது அந்தச் சமயத்தில்தான். பெயர் வந்த பிறகு அந்த டீக்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை.

ஊட்டியிலிருந்து ஒரு மகள்

இரண்டு பேர் எழுதியதும் உண்மைதான், ஆனால் என்னால் அப்படி இரங்க முடியவில்லை. அம்மாவுக்குப் புற்றுநோய், கீமோ ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் ஊசி போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கீழ் வீட்டுக்காரர் 58 வயது, ரிட்டையர்டு, படித்தவர், வேலை போகும் என்ற பயம் இல்லை, கடனும் இல்லை. "இதெல்லாம் கம்பெனிக்காரன் பிசினஸ்" என்று ஊசியும் போடவில்லை, மாஸ்கும் போடவில்லை. இருமலோடு மாடிக்கு வந்து அம்மாவிடம் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார், நலம் விசாரிக்கத்தான் வந்தார், அது எனக்கும் தெரியும். நாலு நாளில் அவருக்கு பாசிட்டிவ், ஆறு நாளில் அம்மாவுக்கு. ஜூன் 3 அம்மா இல்லை. அவரிடமிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஊசி போட்டிருந்தாலும் பரவியிருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள், இருக்கட்டும். மாஸ்க் போட்டிருக்கலாமே. அவர் பிழைத்து வந்தார். ஒரே படிக்கட்டுதான், இன்றைக்கு வரை நான் பேசுவதில்லை. பயந்து ஓடியவரையும் கூலி போகும் என்று தயங்கியவரையும் இவரையும் ஒரே பட்டியலில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

குன்னூரிலிருந்து, போடாத ஒருவன்

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் இன்றைக்கு வரை போடவில்லை. சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு முகம் வீங்கி மூச்சு நின்று, குன்னூர் லாலி அரசு ஆஸ்பத்திரியில் பிழைத்தவன். ஒரு முகாமில் போய் இதைச் சொன்னேன். பென்சிலின் அலர்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேண்டுமானால் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கிறோம் என்று அங்கே யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால் அன்றே கை நீட்டியிருப்பேன். "சாக்கு சொல்லாத, அடுத்த ஆள்" என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு எனக்கு விட்டுப்போனது.

எங்கள் தாத்தா பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தவர். 1907இலிருந்து வெறிநாய்க்கடி ஊசி செய்த இடம், குன்னூர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குத்தினார்கள். "ஊருக்கே ஊசி செஞ்ச வீட்டுப் பிள்ளை." 2021 டிசம்பரில் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் உட்காரப் போனேன். சித்தப்பா வந்து தோளில் கை வைத்து, "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருப்பா" என்றார். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரே ஒரு இலை. தண்ணீர் தெறித்து இலையின் ஓரம் நனைந்திருந்தது. ரசம் ஊற்ற வந்த பையன் எட்டி நின்று ஊற்றினான். நான் சாப்பிட்டேன், எழுந்து போனால் கல்யாண வீட்டில் சண்டை ஆகும் என்று சாப்பிட்டேன்.

அப்புறம் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு மட்டும் விதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதைக் குழுவில் நான் போடவில்லை. ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2024இல் ஆஸ்ட்ராஜெனெகா கம்பெனி, தங்கள் ஊசியால் (இங்கே கோவிஷீல்டு என்று போட்டது) மிக அரிதாக ரத்தம் உறையும் பிரச்சினை வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததே, அன்றைக்கு அதே சித்தப்பா போன் செய்தார். "நீதான்டா புத்திசாலி, தப்பிச்சிட்ட." அது என்னை அந்த இலையைவிட அதிகமாக வருத்தியது. மிக மிக அரிது என்றுதான் அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. அந்த ஊசிதான் எங்கள் வீட்டுப் பெரியவர்களைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, "ஏம்ப்பா போடல?" என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

கோத்தகிரி கடைக்காரி, மறுபடியும்

ஊட்டித் தங்கச்சி, உங்கள் கோபத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கொழுந்தனாரை நினைத்தால் எனக்கும் அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எதிர்த்துப் பேச முடியாத ஒரு ஆளிடம் காட்டினேன், அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கீழ் வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் என் கடைக்கும் வந்தார். காரில் வருவார், போர்டைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குப் பொருள் கொடுக்காமல் நான் ஒரு நாளும் திருப்பி அனுப்பவில்லை.

குன்னூர் தம்பி, இப்போதாவது ஒரு நல்ல மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கொரோனாவுக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நாய் கடித்தால் ஊசி வேண்டும், அதற்காவது.

பெரியம்மா திரும்ப வந்தாரா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். பொங்கலுக்கு முன்னால் லயத்துக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து, தப்புதான் பெரியம்மா என்று சொன்னேன். "அதுக்கென்ன புள்ள, காலம் அப்பிடி" என்று ரொட்டி சுட்டு சம்பலோடு வைத்தார். இப்போது வருகிறார். கையில் காசு இருக்கிற அன்றைக்கு மட்டும் வருகிறார். பற்று எழுதிக்கொள்ளவா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார்.