புதுப்பிப்பு: ஜாலான் ஈப்போ சிக்னல்ல பின்னால இடிபட்ட என் காடிக்கு (காருக்கு) கிளைம் கெடைச்சிருச்சு

சிக்னல்ல நின்ன என் காடிய பின்னால வந்து இடிச்சுட்டாங்க, அடுத்து என்ன செய்யன்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அன்னைக்கு கையெல்லாம் நடுங்கிட்டு இருந்துச்சு.

காசு தர்றேன் ரிப்போர்ட் வேணாம்னு இடிச்சவர் கெஞ்சினாரு, ஆனா மலேசியாவுல 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் போட்டே ஆகணும்னு இங்க ஒரு அக்கா சொன்னதால அன்னைக்கே பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்) போயிட்டேன். கூப்பிடாமலே வந்து நின்ன, காடி இழுத்துட்டு போற டோ லாரிக்காரர்கிட்ட சாவி குடுக்கல, இன்சூரன்ஸ் நம்பருக்குத்தான் போன் அடிச்சேன்.

உண்மையிலயே கைகொடுத்தது கேஎஃப்கே (நாக்-ஃபார்-நாக்) கிளைம் பத்தி சொன்ன அண்ணனோட யோசனைதான். தப்பு நம்ம மேல இல்லன்னா நம்ம சொந்த இன்சூரன்ஸ்லயே கிளைம் பண்ணலாம், என்சிடி (கிளைம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) போகாது, ஆனா நம்ம காடி சேதத்துக்கும் சேர்த்து எடுக்குற காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கணும். என் 55 சதவீத என்சிடி அப்படியே இருக்கு, அதுதான் பெரிய நிம்மதி.

எதிர்பாராதது என்னன்னா, போலீஸ் விசாரணை முடிவு பேப்பர் வர்றதுக்கே மூணு வாரம் ஆயிருச்சு. அப்புறம் காடி பெங்கல்ல (ரிப்பேர் கடையில) கெடந்த நாளுக்கு இடிச்சவரோட இன்சூரன்ஸ்கிட்ட தனியா நஷ்டஈடு கேட்கலாமாம், பெங்கல்ல இருந்த தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அந்த ஃபாரம் நேத்துதான் அனுப்பினேன்.