நமீபியாவில் யானைகளுக்காகச் சுவர் கட்டப் போகிறேன்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூனில் நமீபியாவின் உகாப் ஆற்றுப் பகுதிக்கு இரண்டு வாரத் தன்னார்வப் பணிக்காகப் போகிறேன். அங்கே பாலைவன யானைகள் தாகத்தில் பண்ணைகளின் தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் உடைத்துவிடுகின்றன. முதல் வாரம் தொட்டியைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வேண்டும். அடுத்த வாரம் யானைக் கூட்டங்களைத் தடம்பார்த்துப் பின்தொடர வேண்டும். யானைக்கும் தண்ணீர், விவசாயிக்கும் நிம்மதி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பழகிக்கொள்வதற்காகப் போன ஞாயிறு தெருவில் நடக்கும் கட்டட வேலையில் ஒரு மணி நேரம் கல் சுமந்தேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள். அங்கே எந்த வகைக் கையுறை தாங்கும்?

எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் பதினான்கு மணி நேரம் காத்திருந்து விமானம் மாற வேண்டும். அது மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடு. அதனால் நமீபியாவில் அதற்கான தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள் என்று தெரிகிறது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும். சென்னையில் முன்பதிவுக்கு எத்தனை நாள் ஆகிறது? தன்னார்வப் பணிக்கு எந்த விசா எடுத்தீர்கள்? சுற்றுலா விசா போதும் என்று ஒரு முகவர் சொல்வதை நம்ப மனம் வரவில்லை.

ஜூன் அங்கே குளிர்காலம், திறந்தவெளியில்தான் படுக்கை. போய்வந்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.