புதுப்பிப்பு: டெனியூர் கோப்பும் எங்கள் நால்வர் குழுவும்

மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேன்: அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் டெனியூர் (நிரந்தரப் பணி உறுதி) பாதையில் நான்காம் ஆண்டு, கையில் ஒரே ஆய்வுக் கட்டுரை, ஆறாம் ஆண்டில் மதிப்பீட்டுக்கான கோப்பு கொடுக்க வேண்டும் என்று. இதே நிலையில் இருப்பவர்களோடு சேரச் சொன்னீர்கள். சேர்ந்தேன். நான்கு பேர், வெள்ளிதோறும் ஒரு மணி நேரம்.

முதல் மூன்று வாரம் வெறும் ஒப்பாரிதான். அப்புறம் ஒரு விதி வைத்தோம்: புலம்பலுக்குப் பத்து நிமிடம், மீதி நேரம் பேசாமல் எழுத வேண்டும். இரண்டாவது கட்டுரை இப்போது திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. நிராகரிப்பு இல்லை, அதுவே பெரிது.

உண்மையான பலன் வேறு இடத்தில் கிடைத்தது. கோப்பின் தன்விளக்கத்தை ஒருவருக்கொருவர் மாற்றிப் படித்தோம். பட்டியலாக்கப் பிரிவுத் தோழி என்னுடையதைப் பார்த்துவிட்டு, "எத்தனை வகுப்பு எடுத்தாய் என்று இருக்கிறது, அதனால் மாணவர்களிடம் என்ன மாறியது?" என்றாள். சுருக்கென்றது. கோப்பை மதிப்பிடும் பல்கலைக்கழக அளவிலான குழுவில் வேதியியல்காரரும் வரலாற்றுக்காரரும் இருப்பார்கள். நம் வேலை அவர்களுக்குத் தானாகப் புரியாது.

ஒரு எச்சரிக்கை: இப்படிச் சேரும் நண்பர் குழுவினரோடு சேர்ந்து கட்டுரை எழுதினால், பல இடங்களில் அவர்கள் உங்கள் கோப்புக்கு வெளி மதிப்பீட்டாளராக இருக்க முடியாது. முதலிலேயே விதியைப் பாருங்கள்.

திருத்தத்துக்குக் கெடு மூன்று வாரம். முடிந்ததும் எழுதுகிறேன்.