கல்லடி வீட்டுக் குழு

கண்ணன் மாமா: எல்லோருக்கும் வணக்கம். அத்தானின் 31ஆம் நாள் நினைவு மலர் இன்று பின்னேரம் 5 மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். 6ஆம் பக்கத்துக்குச் சோவைப் பற்றி எழுதிவிட்டேன். அத்தானுக்கு அவர் எழுத்தில் இருந்த பைத்தியம் தெரிந்ததுதானே.

சுதா: மாமா, தேவாரத்துக்கு இடம் இருக்குமா?

பிரபா சுவிஸ்: எந்தச் சோ

கண்ணன் மாமா: நடிகர் சோ ராமசாமி. முதலில் வக்கீல். 1968இல் 'முகமது பின் துக்ளக்' நாடகம் போட்டார். பழைய சுல்தானே கல்லறையிலிருந்து எழும்பி வந்ததாக ஒருவன் நாட்டை நம்பவைத்துப் பிரதமராகிறான். மொழிச் சண்டைக்குத் தீர்வு பாரசீகமாம்! கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் உதவிப் பிரதமர் பதவி. 1971இல் படமாகவும் வந்தது. துக்ளக் என்ற பெயரிலேயே 1970 ஜனவரி 14இல் பத்திரிகை தொடங்கினார். 1975இல் அவசரநிலை வந்தபோது...

சுதா: மாமா, தேவாரம்

பிரபா சுவிஸ்: எல்லோருக்கும் பதவியா? எங்கள் நாட்டைப் பார்த்து எழுதினாரோ

ரவி அண்ணன்: புலிகள் இயக்கத்தை எதிர்த்து வருடக்கணக்காக எழுதினாரே, அதுவும் 6ஆம் பக்கத்தில் வருமா?

சாந்தி அக்கா: ரவி, இங்கே வேண்டாம்

ரவி அண்ணன்: கேட்டது பிழையா

சாந்தி அக்கா: 150 கதிரை போதுமா? ஆரையம்பதி ஆட்களை எண்ணினீர்களா?

கண்ணன் மாமா: ரவி, அத்தானும் உன்னைப் போலத்தான். திட்டித் திட்டி வாசிப்பார். ஓரமெல்லாம் சிவப்புப் பேனையால் 'சரி', 'பொய்', 'நீர் இங்கே வந்து இருந்து பாரும்' என்று எழுதி வைப்பார். மறுகா, அடுத்த இதழ் வாங்க ரவுணுக்கு முதல் ஆளாகப் போவதும் அவர்தான்.

ரவி அண்ணன்: அந்தத் துக்ளக் கட்டு எங்கே

கண்ணன் மாமா: பழைய வீட்டோடு சுனாமியில் போய்விட்டது.

சுதா: சுனாமிக்கு முந்தியே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டது என்று அம்மா சொல்கிறா

பிரபா சுவிஸ்: 🙈

கண்ணன் மாமா: அக்காவா சொன்னா?

பெரியம்மா: [குரல் பதிவு 0:42]

பிரபா சுவிஸ்: வேலையில் நிற்கிறேன், யாராவது எழுதுங்கள்

சுதா: ஒரு இதழ் அலுமாரித் தட்டில் இருக்கிறதாம். அப்பாவின் சிவப்பெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடட்டாம். மாமாவுக்கு 4 வரியாம்.

கண்ணன் மாமா: 4 வரியா? மாநிலங்களவையில் 1999 முதல் 2005 வரை இருந்ததற்கே காணாது.

ரவி அண்ணன்: எந்தப் பக்கம் என்று நான் வந்து பார்க்கிறேன்

சாந்தி அக்கா: வரும்போது வாழையிலை

சுதா: அச்சகத்தில் இருந்து அழைப்பு எடுக்கிறார்கள். தேவாரம் போடவா, விடவா?