உதவி: காரைக்குடி – கோலாலம்பூர் (இல்லாட்டி சிங்கப்பூர்), 3 பேர், 5 நாள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, டிக்கெட் தளம் நகர மாட்டேங்குது

செக்காலை ரோடு (கேட்பவர்)

வணக்கம். நான், மனைவி, ஆத்தா (53 வயசு) மூணு பேரும் முதல் தடவையா வெளிநாடு கிளம்புறோம். 4 ராத்திரி. மொத்தம் 1,20,000 ரூபாய்க்குள்ள முடியணும். திருச்சியில ஏறினா நேரா இறங்குற ஊரா இருக்கணும். கோலாலம்பூரா சிங்கப்பூரான்னு இன்னும் முடிவாகலை. மாட்டிக்கிட்டு நிக்கிற இடங்கள்:

1. மனைவி பாஸ்போர்ட்டில் 'கிவன் நேம்' மட்டும் இருக்கு, 'சர்நேம்' காலி. ஏர்லைன் தளத்தில் 'ஃபேமிலி நேம்' பெட்டியைக் காலியா விட்டா சிவப்புக் கோடு போட்டு நின்னுடுது. இனிஷியலைப் போடலாமா? என் பேரைப் போடலாமா?

2. ஆத்தா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. பாஸ்போர்ட்டில் ஈசிஆர்னு அடிச்சிருக்கு. திருச்சியிலேயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒருத்தர் பயமுறுத்துறார்.

3. ஏஜென்ட் ஒருத்தர் ஆளுக்கு 52,000 சொல்றார், "வரி தனி"ன்னு. நாமளே போட்டா குறையுமா?

தேவகோட்டை ரஸ்தா

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். மத்தது எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இனிஷியல் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் வந்தா கவுன்டரில் ரெண்டும் ஒத்துப் போகாது. ஏர்லைன் கம்ப்யூட்டருக்கு ரெண்டு பெட்டியும் நிரம்பியாகணும். நம்ம ஊர்ப் பெயர்முறை அதுக்குத் தெரியாது, தகராறே அங்கதான். ஒற்றைப் பெயர்க்காரங்களுக்குப் பட்ஜெட் ஏர்லைன்கள் வழக்கமா சொல்ற வழி, அதே பெயரை ரெண்டு பெட்டியிலும் போடுறது. பாஸ்போர்ட்டில் வள்ளியம்மைன்னு மட்டும் இருந்தா, கிவன் நேமும் வள்ளியம்மை, ஃபேமிலி நேமும் வள்ளியம்மை. டிக்கெட்டில் 'வள்ளியம்மை வள்ளியம்மை'ன்னு வரும். சிரிப்பா இருக்கும், ஆனா செல்லும். விதி ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தத் தளத்தோட உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர் பத்தி என்ன போட்டிருக்குன்னு பார்த்துடுங்க.

கிவன் நேமில் ரெண்டு சொல் இருந்தா (மீனாட்சி சுந்தரம் மாதிரி) அதை உடைச்சுப் பாதியை ஃபேமிலி நேம்ல போடாதீங்க, ஏர்லைனே அப்படிச் சொன்னாலொழிய. பட்ஜெட் டிக்கெட்டில் பேரை அப்புறம் மாத்துறது லேசு இல்லை. சில சமயம் புது டிக்கெட் விலையே ஆயிடும்.

இன்னொண்ணு, பின்னாடி உதவும்: இந்தப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு துபாய்க்குத் திட்டம் போடாதீங்க. 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் சுற்றுலா விசா கொடுக்கிறதில் கட்டுப்பாடு இருக்கு. மலேசியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கோட்டையூர் ஆச்சி

தம்பி, இது தொண்டி வழியாப் போற ஈசிஆர் ரோடு இல்லை, குடியேற்றச் சரிபார்ப்பு. வேலைக்குப் போறவங்களை ஏமாத்தி அனுப்பிடக் கூடாதுன்னு வச்ச ஏற்பாடு. இந்தச் சரிபார்ப்பு வேண்டிய நாடுகள் பட்டியல்ல 18 இருக்கு. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. அனுமதி வாங்க வேண்டியது வேலைக்குப் போறவங்கதான். சுற்றிப் பார்க்கப் போறவங்களுக்குத் தேவையில்லை.

ஆனாலும் திருச்சி இமிக்ரேசனில் நாலு கேள்வி கூடுதலாக் கேட்பாங்க. எத்தனை நாள், எங்க தங்குறீங்க, யார் செலவு. ஆத்தா பேர் போட்ட ரிட்டர்ன் டிக்கெட், மூணு பேர் பேரும் இருக்கிற ஹோட்டல் புக்கிங், ரெண்டையும் காகிதத்தில் எடுத்து அவங்க கையிலேயே கொடுத்துடுங்க. போன்ல வச்சுக்கிட்டு நீங்க முன்னாடி போயிட்டா அவங்க கவுன்டரில் தனியா முழிப்பாங்க. ஒரே கவுன்டருக்குச் சேர்ந்து போங்க.

50 வயசு தாண்டினவங்களுக்கு ஈசிஆரே தேவையில்லைன்னு விதி. பயணத்துக்கு ரெண்டு மூணு மாசம் இருந்தா ரீ-இஷ்யூ போட்டு அதை எடுத்துடலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்துக்குக் கீழே வருது. ஆனா டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் இதைத் தொடாதீங்க, பாஸ்போர்ட் நம்பரே மாறிடும். மூணு பாஸ்போர்ட்டும் ஊர் போய் இறங்குற நாளில் இருந்து 6 மாசமாவது செல்லுபடியா இருக்கான்னும் பாருங்க.

பள்ளத்தூர்

ஊர் எதுன்னு கேட்டீங்க. இந்தக் காசுக்குக் கோலாலம்பூர்தான்.

விமான டிக்கெட்டில் பெரிய வித்தியாசம் வராது, ரூம் வாடகையில்தான் அடி. மூணு பேர் படுக்கிற ரூமுக்குச் சிங்கப்பூரில் 150 டாலராவது வைக்கணும். சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய்னு வச்சா 4 ராத்திரிக்கு 42,000. விசாவுக்கு ஆளுக்கு 30 டாலர், அதுக்கு மேல ஏஜென்ட் கூலி. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமலே போகலாம், இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும் இருக்கு.

கோலாலம்பூர் கணக்கு, மூணு பேருக்கு (ரிங்கிட்டை 22 ரூபாய்னு போட்டிருக்கேன், கிளம்புற வாரம் ரேட் பார்த்துத் திருத்திக்குங்க):

டிக்கெட் ஆளுக்கு 14,000 வீதம் 42,000. செக்-இன் பெட்டி ஒண்ணு, போக வர 5,000. ரூம் 180 ரிங்கிட் வீதம் 4 ராத்திரி 720. அதோட வெளிநாட்டுக்காரங்களுக்குச் சுற்றுலா வரி ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட், ஆக 760, அதாவது 16,720 ரூபாய். இந்த 40 ரிங்கிட் பல தளங்களில் காட்டுற விலையில் சேராது, ஹோட்டல் மேசையில் தனியாக் கேட்பாங்க. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 50 ரிங்கிட், 5 நாளுக்கு 16,500. பஸ், ரயில், கிராப் (ஆப்பில் கூப்பிடுற டாக்சி) எல்லாம் சேர்த்து 240 ரிங்கிட், 5,280. நுழைவுச் சீட்டுகளுக்கு 200 ரிங்கிட், 4,400. காப்பீடு 1,500. காரைக்குடி–திருச்சி கார் ரெண்டு தடவை 5,600. கூட்டினா 97,000. மிச்சம் 23,000 கையில் இருக்கட்டும், டிக்கெட் விலை ஏறினாலும் தாங்கும்.

டிக்கெட் ஆளுக்கு 20,000 தாண்டினா அந்தத் தேதியை விட்டுடுங்க. பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு, தைப்பூசம், இந்த நாலும் விலை ஏறுற காலம். தைப்பூசத்துக்கு நம்ம ஊர்க்காரங்க குன்றக்குடியில் இருந்து பழனிக்கு நடந்துக்கிட்டு இருக்கும்போது பத்துமலையில் கால் வைக்க இடம் இருக்காது.

ஏஜென்ட் சொல்ற "வரி தனி"யைப் பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. ஜிஎஸ்டி திரும்ப வராது. டிசிஎஸ்னு விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வரி உங்க பான் நம்பரில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணி வாங்கிக்கலாம். டிக்கெட்டையும் ரூமையும் நீங்களே தனித்தனியா வாங்கினா அது டூர் பேக்கேஜ் ஆகாது, அந்த டிசிஎஸ் பிடிப்பும் இல்லை.

செக்காலை ரோடு

ரொம்ப நன்றி ஆச்சி, அண்ணே. பேரை ரெண்டு தடவை போட்டதும் பெட்டி ஏத்துக்கிச்சு. ஆனா பணம் கட்டும்போது கார்டு மறுக்குது. அக்கவுன்டில் பணம் இருக்கு. அதோட மலேசியா வருகை அட்டையை இப்பவே நிரப்பி வச்சுடலாம்னு பார்த்தா தேதியை ஏத்துக்க மாட்டேங்குது. ஒரு தளம் ஏத்துக்குது, ஆனா ஆளுக்கு 40 டாலர் கேட்குது.

தேவகோட்டை ரஸ்தா

அந்த 40 டாலர் தளத்தை உடனே மூடுங்க. வருகை அட்டைக்கு (எம்டிஏசி) கட்டணமே கிடையாது, மலேசியக் குடிநுழைவுத் துறையோட தளத்தில் மட்டும் நிரப்பணும். காசு கேட்கிறது எல்லாம் இடைத்தரகு. பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்திருந்தா அதோட நிறுத்துங்க, கார்டு நம்பரைக் கொடுக்காதீங்க.

தேதி ஏத்துக்காததுக்குக் காரணம், போய்ச் சேருற நாளுக்கு முந்தின 3 நாளுக்குள்ளதான் நிரப்ப முடியும். மூணு பேருக்கும் தனித்தனி அட்டை. இதில் பேருக்கு ஒரே பெட்டி, அதனால பேரை ரெண்டு தடவை போட வேண்டாம், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஒரு தடவை போதும். ஹோட்டல் முகவரியோட அஞ்சல் குறியீட்டைக் கேட்கும், முன்னாடியே எழுதி வச்சுக்குங்க. மூணு பேருக்கும் வர்ற மின்னஞ்சலைக் காகிதத்தில் எடுத்துக்குங்க.

தேதியில் இன்னொரு பொறி இருக்கு. திருச்சியில் சில விமானம் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும். டிக்கெட்டில் 12ஆம் தேதி 00:25னு இருந்தா நீங்க வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் தேதி சாயங்காலம். 12ஆம் தேதி ராத்திரி போய் நின்னா விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். பயணம் 4 மணி நேரம், அங்க கடிகாரம் நம்மளைவிட ரெண்டரை மணி நேரம் முந்தி. காலையில் 7 மணிக்கு இறங்கிடுவீங்க, ரூம் ரெண்டு மூணு மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ஹோட்டலில் போட்டுட்டுச் சுத்தலாம். ஆத்தாவுக்குப் படுக்கணும்னா சீக்கிரம் ரூம் கிடைக்குமான்னு ஹோட்டலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்க.

பள்ளத்தூர்

கார்டுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைச்சே வரும். வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல்' பொத்தானைப் போட்டு, ஆன்லைன், கடை, ஏடிஎம் மூணுக்கும் தனித்தனியா வரம்பு வைங்க. தளம் ரிங்கிட்டில் பணம் கேட்டாலும் இதே பொத்தான்தான். சிம்மில் ரோமிங்கையும் போட்டு வைங்க, இல்லாட்டி அங்க ஓடிபி வராது.

கடையில் மெஷினை உங்க பக்கம் திருப்புவாங்க. திரையில் ரெண்டு வரி இருக்கும், மேல ரிங்கிட் தொகை, கீழ ரூபாய்த் தொகை. கண்ணுக்குப் பழகின ரூபாயைத் தொடத் தோணும், தொடாதீங்க. ரூபாயைத் தொட்டா மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரன் வைப்பான். ரிங்கிட்டைத் தொட்டா உங்க வங்கி போடுற விகிதம். வங்கியும் சும்மா விடாது: 3.5 சதவீதம் பிடிக்கிற கார்டில் 10,000 ரூபாய்க்கு 350, அதுக்கு ஜிஎஸ்டி 63, ஆக 413. இந்த ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணமாற்று) கூலி இல்லாத கார்டு ஒண்ணு கிடைச்சா அதுவே லாபம்.

ரொக்கமா 600 ரிங்கிட் ஊரிலேயே மாத்திக்குங்க. பஸ், சின்னக் கடை, சுற்றுலா வரிக்கு ஆகும்.

கானாடுகாத்தான்

எல்லாம் சரி, நம்ம பக்கத்துக்காரங்க மலேசியா போய்ட்டுப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலைப் பார்க்காம வந்தா எப்படி? கோலாலம்பூரோட பெரிய ரயில் நிலையம் கேஎல் சென்ட்ரலில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். விரைவு ரயில், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். ஊரே 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. பழைய வீடுகளைப் பார்த்தா நம்ம செட்டிநாட்டு வீடுகளோட வளவும் பட்டாலையும் ஞாபகம் வரும்.

கோட்டையூர் ஆச்சி

பார்க்க வேண்டிய ஊர்தான், இல்லைங்கலை. ஆனா ரயிலே ஒரு பக்கம் 4 மணி நேரம். போக வர ஒரு முழுப் பகல் போயிடும். 4 ராத்திரியில் வயசானவங்களை வச்சுக்கிட்டு ரெண்டு ஊரில் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டாம். 6 ராத்திரி கிடைக்கிற வருஷம் போகட்டும்.

தம்பி, தங்குறதுக்கு கேஎல் சென்ட்ரல் பக்கம் பிரிக்ஃபீல்ட்ஸ் பாருங்க. இட்லி, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரத்தில் கிடைக்கும், ஆத்தாவுக்குத் தமிழிலேயே பேச ஆள் இருக்கும். ஏர்ஏஷியா இறங்குறது டெர்மினல் 2, பாட்டிக் ஏர் டெர்மினல் 1. ரெண்டிலும் கேஎல் சென்ட்ரலுக்கு பஸ் உண்டு, ஆளுக்கு 15 ரிங்கிட் அளவு, ஒரு மணி நேரம். வேக ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். மூணு பேருக்கு 165 ஆயிடும், அதுக்குக் கிராப் கார் மலிவு. கிராப் ஆப்பை ஊரிலேயே உங்க நம்பர் போட்டுப் பதிஞ்சுட்டுப் போங்க.

பத்துமலைக்கு அதே கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில், கடைசி நிலையமே பத்துமலைதான். டிக்கெட் 3 ரிங்கிட்டுக்குள்ள. 272 படி, வெயிலுக்கு முன்னாடி காலையில் ஏறிடுங்க. பையில் பழம் தெரியக் கூடாது, குரங்கு பிடுங்கும்.

திருச்சிக்கு பஸ்ஸில் போறதா இருந்தா விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டு மேலேயே இருக்கு, திருச்சி ஊருக்குள்ள போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஏறும்போதே ஏர்போர்ட் ஸ்டாப்பில் நிறுத்துவாங்களான்னு கண்டக்டரைக் கேட்டுக்குங்க. 3 மணி நேரம் முன்னாடி உள்ளே இருக்கணும்.

செக்காலை ரோடு

டிக்கெட் போட்டாச்சு. ஆளுக்கு 13,800. கடைசியா ஒண்ணு: அங்க இருக்கிற சொந்தக்காரங்களுக்குக் கைமுறுக்கு, மாவுருண்டை, கறி மசாலாப் பொடி, மாங்காய் ஊறுகாய், கொஞ்சம் உப்புக்கண்டம் கொடுத்துவிடணும்னு ஆத்தா சொல்றாங்க. எது போகும்?

கோட்டையூர் ஆச்சி

முறுக்கும் மாவுருண்டையும் போகட்டும், தாராளமா. அடி கனமான டப்பாவில், கைப்பையில் வைங்க. கைப்பை 7 கிலோதான், வீட்டிலேயே நிறுத்துப் பாருங்க. ஊறுகாய் செக்-இன் பெட்டியில் மட்டும். எண்ணெய் இருக்கிறதால கைப்பையில் 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க. மூடிக்குள்ள பிளாஸ்டிக் தாள் வச்சு இறுக்கி, ரெண்டு கவர் போடுங்க. கொப்பரை எதிலும் வைக்காதீங்க, எண்ணெய்ச் சத்து இருக்கிறதால பாதுகாப்புச் சோதனையில் எடுத்துடுவாங்க.

உப்புக்கண்டம் வேண்டாம். இறைச்சிக்கு அங்க இறக்குமதி அனுமதி வேணும். மசாலாப் பொடியில் கசகசா சேர்த்து அரைச்சிருக்கான்னு பாருங்க. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா தடை, மலேசியாவுக்கும் எடுத்துப் போகாம இருக்கிறதுதான் நல்லது.

செக்காலை ரோடு

சேர்த்திருக்கு ஆச்சி. மில்லில் கொடுத்து அரைச்சு வாங்கின ரெண்டு கிலோ. அது வீட்டுக்கு இருக்கட்டும், கசகசா இல்லாம அரைக் கிலோ தனியா அரைக்கச் சொல்லிட்டேன்.